பல்லிக்கு வால் முளைக்கிறது, கால் ஏன் முளைப்பதில்லை?

கீழவாசல் ராஜி:

எங்கள் சமையலறை டியூப்லைட்டுக்குப் பின்னால் இரண்டு பல்லிகள் குடியிருக்கின்றன. அதில் பெரியதற்குப் போன வாரம் வால் போய்விட்டது. காரணம் நான்தான், ஜன்னலைச் சாத்தும்போது கவனிக்கவில்லை. துண்டான வால் அடுப்பு மேடையில் துள்ளியதைப் பார்த்து மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் அலறினாள். கொஞ்ச நேரத்தில் அலறலை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் துள்ளுகிறது என்று கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"மறுபடி முளைச்சிடும்டி" என்று சமாதானம் சொன்னேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அதே பல்லிக்குப் பின்னங்கால் ஒன்றில் பாதம் கிடையாது. நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, வந்த நாளிலிருந்தே அது அப்படித்தான். "வால் முளைக்கும்னா கால் ஏன் முளைக்கலை?" என்கிறாள். சாமி அப்படிப் படைத்திருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இல்லாமல் இருந்தால் நல்லது.

சும்மா பார்ப்பவன்:

பல்லி நம் மேல் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் தலை முதல் கால் வரை போட்டிருக்கிறார்கள். நம் ஜன்னல் பல்லி மேல் விழுந்தால் அதற்கு என்ன பலன் என்று ஒரு வரி இல்லை.

பழைய விலங்கியல்:

ராஜி அம்மா, முப்பது வருஷம் விலங்கியல் எடுத்தவன் நான். இந்தக் கேள்வியை ஒரு மாணவனும் கேட்டதில்லை. எல்லாரும் வாலோடு நின்றுவிடுவார்கள்.

முதலில் வால். அதை உங்கள் ஜன்னல் அறுத்திருக்காது, பல்லியே கழற்றிவிட்டிருக்கும். வால் எலும்புகளில் குறுக்காக ஒரு பலவீனமான கோடு உண்டு. இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில் இல்லை, ஒரே எலும்பின் நடுவில். தசையும் தோலும் அந்தக் கோட்டுக்கு நேராகவே பிரியும்படி அமைந்திருக்கின்றன. அபுதாபியில் இருக்கும் நியூயார்க் பல்கலைக்கழகக் கிளையின் ஆய்வாளர்கள் 2022இல் கழன்ற வாலின் முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். காளான் குடை போலக் குட்டிக் குட்டித் தூண்கள். நேராக இழுத்தால் அவை பிடித்துக்கொள்ளும், பக்கவாட்டில் வளைத்தால் சட்டென்று விட்டுவிடும். அதனால்தான் பல்லி தன் பாட்டுக்கு வாலை இழுத்துக்கொண்டு ஓடும்போது அது கழன்று விழுவதில்லை. கழன்றதும் ரத்தக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை சுருங்கி வாயை அடைத்துவிடும். மேடையில் ரத்தம் அதிகம் இருந்திருக்காதே, கவனித்தீர்களா?

திரும்ப வருவது பழைய வால் இல்லை. உள்ளே எலும்புக்குப் பதிலாக ஒரே நீளமாகக் குருத்தெலும்புக் குழாய் ஒன்றுதான் இருக்கும். செதிலும் நிறமும் வேறாக இருக்கும். இதில் ஒரு சங்கடமும் உண்டு. புது வாலில் எலும்பு இல்லை, எனவே கழற்றும் கோடும் இல்லை. அடுத்த ஆபத்தில் பழைய எலும்பு மிச்சமிருக்கும் இடத்தில், அதாவது உடம்புக்கு இன்னும் நெருக்கமாகத்தான் கழற்ற முடியும். வாலில் கொழுப்பையும் சேர்த்து வைத்திருக்கும் என்பதால் ஒவ்வொரு தடவையும் நஷ்டம்தான்.

இப்போது கால். நம் முதுகெலும்புக்குள் இருப்பது போன்ற தண்டுவடம் பல்லிக்கு வாலுக்குள்ளும் ஓடுகிறது. தண்டுவடத்தின் நடுவே இருக்கும் மெல்லிய குழாய்க்கு எபென்டைமா என்று ஓர் உட்பூச்சு உண்டு. வால் போனதும் அந்த உட்பூச்சு வெளியே நீண்டு வளர்கிறது. புது வால் அதைச் சுற்றித்தான் கட்டப்படுகிறது. அதை அழித்துவிட்டால் வால் வராது. காலுக்குள் தண்டுவடம் ஏது? அதோடு கால் போவது கழற்றுவது போலச் சுத்தமாக நடப்பதில்லை. கடிபட்டு, நசுங்கி, வீங்கி, கடைசியில் தழும்பு விழுந்து மூடிக்கொள்ளும். தழும்பு விழுந்த இடத்தில் எதுவும் முளைக்காது.

பாப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: முளைக்கிற சக்தி பல்லிக்கு இல்லை, பல்லியின் வாலுக்குத்தான். முழு விலங்குக்கும் சேர்த்துக் கேட்காமல், எந்த இடத்தில் என்று கேட்டால்தான் இதில் விடை கிடைக்கும்.

எதிர்க்கேள்வி:

சார், அப்போ ஓணான்? சின்ன வயசில் நாங்கள் ஓணானுக்குச் செய்த பாவத்துக்கு அளவில்லை. வால் போன ஓணானுக்கு வால் திரும்ப வந்து நான் பார்த்ததே இல்லை.

பழைய விலங்கியல்:

வராது. நம் தோட்டத்து ஓணானுக்கு அந்தக் கழற்றும் கோடும் இல்லை, திரும்ப முளைக்கும் வழியும் இல்லை. அரணைக்கு உண்டு. மூன்றும் பார்க்க ஒரே ஜாதி மாதிரி இருந்தாலும் கதை வேறு. பாவத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்ஸோ கார்த்தி:

கால் முளைக்கிற ஆள் என் வீட்டில் இருக்கிறது. ஆக்ஸலாட்டில், தண்ணீரிலேயே வாழும் சலமாண்டர், அதாவது தவளைக்கு உறவான, வாலுள்ள பிராணி. மெக்சிகோ நகரத்துப் பக்கம் சோச்சிமில்கோ என்ற ஏரியும் வாய்க்கால்களும்தான் அதன் ஊர். அங்கே அது அழியும் நிலையில் இருக்கிறது, ஆனால் உலகமெங்கும் தொட்டிகளில் பெருகிக் கிடக்கிறது. சென்னை வெயிலில் இதை வளர்ப்பது கொஞ்சம் கிறுக்குத்தனம். தண்ணீர் 18 டிகிரியைத் தாண்டக் கூடாது. கரண்ட் பில்லைப் பற்றி வீட்டில் பேச்சே எடுப்பதில்லை.

குட்டியாக இரண்டு வாங்கினேன். ஒன்று இன்னொன்றின் முன்னங்காலை முழங்கை வரை கடித்துத் தின்றுவிட்டது. வேறு தொட்டிக்கு மாற்றி, தண்ணீரைச் சுத்தமாக வைத்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. மறுநாளே காயத்தின் மேல் மெல்லிய தோல் மூடிவிட்டது. இரண்டாம் வாரம் முனையில் ஒரு சின்ன மொட்டு. அப்புறம் மொட்டு தட்டையாகித் துடுப்பு மாதிரி ஆனது, துடுப்பில் விரல்கள் பிரிந்தன. இரண்டு மாதத்தில் கை வந்துவிட்டது. முதலில் பொம்மைக் கை போலச் சின்னதாக இருந்து, பிறகு அளவில் மற்றக் கையை எட்டிப் பிடித்தது. இப்போது எந்தக் கை புதுசு என்று எனக்கே சந்தேகம். சார் சொன்ன பல்லி வால் மாதிரி ஒப்பேற்றல் இல்லை. எலும்பு, மூட்டு, நரம்பு, விரல் எல்லாம் அசல்.

எனக்கு ஆச்சரியம், முழங்கையில் போனால் முழங்கைக்குக் கீழே உள்ளது மட்டும் வருகிறது. மணிக்கட்டில் போனால் உள்ளங்கையும் விரலும் மட்டும். எங்கே வெட்டுப்பட்டது என்று அந்த மொட்டுக்கு எப்படித் தெரியும்?

பழைய விலங்கியல்:

கார்த்தி தம்பி, அந்த மொட்டுக்குப் பெயர் பிளாஸ்டிமா. ரொம்ப நாள் வரை அங்கே இருக்கும் செல்கள் எல்லாம் தங்கள் வேலையை மறந்து, எதுவாகவும் மாறக்கூடிய பச்சைக் களிமண் ஆகிவிடுகின்றன என்றுதான் நாங்களும் பாடம் நடத்தினோம். 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் எல்லி தனகாவின் குழு பச்சையாக ஒளிரும் செல்களை ஆக்ஸலாட்டிலுக்குள் ஒட்டிவைத்துப் பின்தொடர்ந்தது. தசை செல் தசையைத்தான் செய்தது. நரம்பைச் சுற்றியிருந்த உறைச் செல் உறையைத்தான் செய்தது. பெரும்பாலும் பழைய தொழிலை யாரும் விடவில்லை. தச்சர் தச்சராகவே திரும்பி வருகிறார், கொத்தனார் கொத்தனாராகவே வருகிறார், வீடு மட்டும் மறுபடி எழும்புகிறது.

நீங்கள் கேட்ட 'எங்கே வெட்டு' என்பதற்கு ரெட்டினாயிக் அமிலம் பாதி பதில். வைட்டமின் ஏ-யின் உறவு. தோள் பக்கம் அதன் வேலை அதிகம், விரல் பக்கம் குறைவு. 1982இல் மால்கம் மேடன் என்பவர் மணிக்கட்டில் வெட்டிய ஆக்ஸலாட்டிலுக்கு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து ஒரு முழுக் கையே, மேற்கை, முழங்கை என்று எல்லாம் மறுபடி வந்து நின்றது. மொட்டு தன்னைத் தோள் என்று நினைத்துக்கொண்டது.

இதைவிட விசித்திரமான ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. அதை அப்புறம் தனியாக எழுதுகிறேன், இப்போது கண் வலிக்கிறது.

எதிர்க்கேள்வி:

சரி, இரண்டு பழைய சந்தேகங்களையும் தீர்த்துவிடுங்கள். ஒன்று, மண்புழுவை மண்வெட்டியில் வெட்டினால் இரண்டு புழு ஆகுமா? எங்கள் தாத்தா அடித்துச் சொல்வார். இரண்டு, கழுகு. நாற்பது வயதில் மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொண்டு, நகத்தையும் சிறகையும் பிய்த்துப் போட்டுவிட்டு, ஐந்து மாதம் காத்திருந்து எல்லாம் புதிதாக முளைத்து இன்னும் முப்பது வருஷம் வாழுமாம். எங்கள் கம்பெனியில் பயிற்சி வகுப்பு எடுக்க வருகிற ஒவ்வொருவரும் சொல்கிறார்.

ஆக்ஸோ கார்த்தி:

கழுகுக் கதை சுத்தப் புருடா. அலகு என்பது உள்ளே எலும்பு, மேலே நம் நகம் மாதிரி ஓர் உறை. உறை தினமும் தேயும், தினமும் வளரும். உடைந்தால்தான் புதிது வரும் என்று இல்லை. எலும்போடு உடைந்தால் திரும்ப வராது. அலகு இல்லாத கழுகு ஐந்து மாதம் எதைத் தின்னும்? சிறகும் மொத்தமாகப் போவதில்லை, பறக்க முடிகிற மாதிரி ஒன்றிரண்டாக முறை வைத்து உதிர்ந்து முளைக்கும். காட்டில் எழுபது வயதுக் கழுகும் கிடையாது. அடுத்த வகுப்பில் கை தூக்கிக் கேளுங்கள், இன்க்ரிமெண்ட் போனால் நான் பொறுப்பில்லை.

பழைய விலங்கியல்:

மண்புழுவில் தாத்தா பாதி சரி. தலைப் பக்கத்துத் துண்டு போதுமான நீளம் இருந்தால் பல இனங்களில் வால் முளைத்துப் பிழைத்துக்கொள்ளும். வால் பக்கத்துத் துண்டு பெரும்பாலும் செத்துவிடும். சில சமயம் இன்னும் கொடுமை. தலை இருக்க வேண்டிய முனையில் இன்னொரு வால் முளைக்கும். இரண்டு பக்கமும் வால், வாய் இல்லை, பட்டினியில் சாகும்.

தாத்தா சொன்னது நிஜமாகப் பொருந்துவது பிளனேரியா என்ற தட்டைப்புழுவுக்கு. குளத்துக் கல்லுக்கு அடியில் இருக்கும், நகக்கண் அளவுதான், ஒன்றரைக் கண் போட்டது மாதிரி ஒரு முழி. தாமஸ் ஹன்ட் மார்கன் 1898இல் அதை வெட்டிக்கொண்டே போய், உடம்பில் 279இல் ஒரு பங்கு துண்டுகூட முழுப் புழுவாக முடியும் என்று கணக்கிட்டார். பழ ஈக்களுக்காக 1933இல் நோபல் பரிசு வாங்கினாரே, அதே மார்கன்தான். பிளனேரியாவின் ரகசியம் உடம்பெங்கும் பரவிக் கிடக்கும் நியோபிளாஸ்ட் செல்கள். உடம்பின் செல்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவைதான். கதிர்வீச்சால் எல்லாவற்றையும் அழித்துவிட்டால் புழு சில வாரத்தில் சாகும். 2011இல் அமெரிக்காவில் பீட்டர் ரெடியன் குழு, அப்படிச் சாகப்போகும் புழுவுக்குள் வேறு புழுவின் ஒரே ஒரு செல்லைச் செலுத்தியது. அந்த ஒன்றே பெருகி சில புழுக்களை முழுதாகக் காப்பாற்றியது. இங்கே முளைமொட்டுக்குத் தச்சரும் கொத்தனாரும் தேவையில்லை, எல்லாத் தொழிலும் தெரிந்த ஒரே ஆள் போதும்.

இந்த விவகாரத்துக்கே பிள்ளையார் சுழி போட்டது ஹைட்ரா. 1740இல் ஹாலந்தில் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆபிரகாம் டிரெம்ப்ளே, குளத்துத் தண்ணீரில் பச்சையாக ஒன்றைப் பார்த்தார். செடியா, பிராணியா என்று தெரியவில்லை. வெட்டிப் பார்ப்போம், செடி என்றால் இரண்டு துண்டும் பிழைக்கும் என்று வெட்டினார். இரண்டும் பிழைத்தன. ஆனால் அது இரையைக் கையால் பிடித்து வாயில் போட்டுக்கொள்கிறது! ஐரோப்பாவே குழம்பியது.

பாம்பன் அந்தோணி:

நான் படித்தவன் இல்லை, கடலில் பார்த்ததைச் சொல்கிறேன். வலையில் ஏறும் நண்டில் ஒரு கொடுக்கு பெரிசு, ஒரு கொடுக்கு பொம்மை மாதிரி சின்னது என்று நிறைய வரும். அது ஊனம் இல்லை, முளைத்துக்கொண்டிருக்கும் கொடுக்கு. வலையிலிருந்து எடுக்கும்போது அவசரப்பட்டு ஒரு காலைப் பிடித்து இழுத்தால், நண்டு அந்தக் காலை நம் கையிலேயே விட்டுவிட்டுப் போய்விடும். உடம்பை ஒட்டி எப்போதும் ஒரே இடத்தில்தான் கழலும். நடுவில் ஒடிந்த காலைக்கூட அது அடியோடு கழற்றிவிடும், ஏனென்றால் ஒடிந்த இடத்தில் நீர் ஒழுகிக்கொண்டே இருக்கும், கழற்றும் இடத்தில் உடனே அடைத்துக்கொள்ளும்.

புதுக் கால் உடனே நீண்டு வராது. கழன்ற இடத்தில் ஒரு சின்ன மூட்டை மாதிரி, உள்ளே கால் மடித்து வைத்திருக்கும். ஓடு கழற்றும்போதுதான் மடிப்பு விரிந்து வெளியே வரும். அப்போதும் சின்னதுதான். இரண்டு மூன்று தடவை ஓடு கழற்றினால்தான் பழைய அளவு. கிழ நண்டு ஓடு கழற்றுவதை நிறுத்திவிட்டால் போன கால் போனதுதான். கொடுக்கு இல்லாத நண்டுக்கு வியாபாரி கொடுக்கும் விலையைக் கேட்டால் நமக்கே கை போன மாதிரி இருக்கும், அது வேறு கதை.

ஆக்ஸோ கார்த்தி:

அந்தோணி அண்ணா, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதை வைத்தே ஒரு தொழில் நடக்கிறது. ஸ்டோன் கிராப் என்ற நண்டு. கொடுக்கை மட்டும் முறித்து எடுத்துக்கொண்டு நண்டைக் கடலில் விட்டுவிட வேண்டும், முழு நண்டைக் கொண்டுவந்தால் குற்றம். அக்டோபர் 15 முதல் மே 1 வரைதான் சீசன். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியான இடத்தில் முறிக்காவிட்டால் நண்டு செத்துப்போகும். இரண்டு கொடுக்கையும் எடுத்தால் இன்னும் அதிகம் சாகும்.

பிச்சாவரம் மாதிரிச் சேற்றில் ஒற்றைக் கொடுக்கை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுமே பிடில் நண்டு, அதில் ஒரு வேடிக்கை. சில இனங்களில் திரும்ப முளைத்த கொடுக்கு நீளமாக இருக்கும், ஆனால் எடையும் பலமும் கம்மி. மற்ற ஆண் நண்டுகளுக்குப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சண்டை வந்தால்தான் குட்டு உடையும். அதுவரை வெறும் உதார்.

சும்மா பார்ப்பவன்:

எங்கள் தெருவில் இரண்டு பேர் இருக்கிறார்கள் அப்படி.

பூநகரியான்:

நான் கிளிநொச்சிப் பக்கம். எங்கட கரையில கடலட்டைப் பண்ணை இப்ப நிறைய. கடலட்டை எண்டால் கடலடியில வெள்ளரிக்காய் மாதிரிக் கிடக்கிற மெத்தெண்ட பிராணி. நானும் வெள்ளை அட்டை வளர்க்கிறன். புதுசாய்த் தொழிலுக்கு வந்த ஆக்கள் முதல் தடவை பயப்பிடுறது இதுக்குத்தான்: அட்டையை முரட்டுத்தனமாய்ப் பிடிச்சால், இல்லாட்டி வாளியில கன நேரம் சூட்டில விட்டால், அது தன்ர குடலை அப்படியே வெளியில தள்ளிப்போடும். செத்துப்போச்சு எண்டு நினைப்பினம். தண்ணியில விட்டால் சாகாது. உள்ளுக்குச் சில கிழமையில புதுக் குடல் வளர்ந்திடும். அதுவரைக்கும் சாப்பாடு இல்லை, அதால மெலிஞ்சு போகும். நட்டம் எங்களுக்கு எடையிலதான். விக்கிறது உடம்புத் தோலைத்தானே, குடலை எப்படியும் எடுத்துத்தான் அவிக்கிறது.

பாம்பன் அந்தோணி:

உங்களுக்குப் பண்ணை, எங்களுக்குக் கேஸ். இந்தப் பக்கம் கடல் அட்டையைத் தொட்டாலே குற்றம், 2001லிருந்து தடை. வலையில் தானாக ஏறினாலும் திரும்ப விட்டுவிட வேண்டும். நட்சத்திர மீனும் ஏறும், ஒரு கையில் நாலு கை சின்னதாக முளைத்து வால்வெள்ளி மாதிரி இருக்கும். என் மகன் படம் எடுத்து வைத்திருக்கிறான்.

பழைய விலங்கியல்:

அந்தோணி, அதற்குப் பெயரே வால்வெள்ளி வடிவம்தான்! லிங்க்கியா போன்ற சில இனங்களில் வெறும் ஒரு கையிலிருந்து முழு மீனும் வரும். பெரும்பாலான நட்சத்திர மீனுக்கு நடுவட்டின் ஒரு பகுதியாவது கையோடு ஒட்டியிருக்க வேண்டும். சிப்பியைத் தின்கிறது என்று கோபப்பட்டு நட்சத்திர மீனை வெட்டிக் கடலில் வீசிய மேல்நாட்டு மீனவர்கள், எண்ணிக்கையைத் தாங்களே பெருக்கிவிட்டதாக ஒரு பழைய கதை உண்டு.

படித்தவன் இல்லை என்கிறீர்கள். மடித்து வைத்த கால் விஷயத்தை நான் நண்டு அறுத்துக் காட்டித்தான் மாணவர்களுக்குச் சொன்னேன், நீங்கள் அறுக்காமலே சொல்லிவிட்டீர்கள்.

ஆக்ஸோ கார்த்தி:

குடலுக்கே ஆச்சரியப்பட்டால் எப்படி? 2021இல் ஜப்பானில் நாரா மகளிர் பல்கலைக்கழகத்தில் எலிசியா என்ற கடல் நத்தை ஒன்று (ஓடு இல்லாத வகை) தன் தலையைத் தானே கழற்றிக்கொண்டதைப் பார்த்தார்கள். தலை மட்டும் தனியாக ஊர்ந்து போய்ப் பாசி தின்ன ஆரம்பித்தது. சுமார் மூன்று வாரத்தில் இதயம் உட்பட முழு உடம்பும் முளைத்துவிட்டது. கழன்ற உடம்பும் நாள்கணக்கில் உயிரோடு அசைந்தது, ஆனால் அதற்குத் தலை வரவில்லை. இளசுகளுக்குத்தான் இது முடிந்தது, கிழடுகளின் தலைகள் செத்துப்போயின. இந்த வகை நத்தைகள் பாசியின் பச்சையத்தைத் திருடித் தன் உடம்பில் வைத்துக்கொள்ளும், உடம்பில்லாத நாட்களில் அது கைகொடுக்கிறதோ என்று ஒரு யூகம்.

மல்லிகா நர்ஸ்:

ராஜி, நான் கை அறுவைசிகிச்சை வார்டில் வேலை பார்க்கிறேன். பல்லிக்கும் நண்டுக்கும் மட்டும் இல்லை, உங்கள் மகளுக்கும் கொஞ்சம் முளைக்கும். அவளிடம் இதைச் சொல்லுங்கள், ஆனால் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கதவிடுக்கில் விரல் நசுங்கி வரும் குழந்தைகள் எங்களுக்கு வாரம் ஒன்றாவது உண்டு. நகத்துக்கு வெளியே நுனி மட்டும் போயிருந்து, நகத்தின் அடிவேர் பத்திரமாக இருந்தால், தைத்து மூடாமல் வெறும் கட்டுப் போட்டே விடுவதும் ஒரு சிகிச்சை முறை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு குழந்தைகள் மருத்துவமனையில் சிந்தியா இல்லிங்வொர்த் என்ற டாக்டர் 1974இல் இதை எழுதினார். சின்னக் குழந்தைகளுக்கு நுனியின் வடிவம், நகம், ரேகை எல்லாம் திரும்ப வந்ததைக் கண்டார். என் அக்கா மகனுக்கு அப்படித்தான் ஆனது. இப்போது எந்த விரல் என்று அவனுக்கே நினைவில்லை. அதே விரலில் நகத்துக்குக் கீழே போனால் வராது. சார் சொன்ன 'எந்த இடத்தில்' என்பது நம் விரலிலேயே அரை அங்குலத்தில் மாறுகிறது.

ஒரு முக்கியமான விஷயம், எல்லாரும் தப்பாகச் செய்கிறீர்கள். துண்டான விரலை நேராக ஐஸில் போடாதீர்கள், தண்ணீரிலும் ஊற வைக்காதீர்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுவாருங்கள். அதை மறுபடி ஒட்டவைக்கலாமா என்று முடிவு செய்வது டாக்டர் வேலை.

எதிர்க்கேள்வி:

கல்லீரலை விட்டுவிட்டீர்களே அக்கா. பாதியைத் தானம் கொடுத்தால் முழுசாக முளைக்கும் என்கிறார்கள்.

மல்லிகா நர்ஸ்:

முளைக்காது, பெருக்கும். வித்தியாசம் உண்டு. பெரியவர் ஒருவர் வலது பக்கத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் கொடுத்தாலும், சில மாதத்தில் மிச்சம் இருக்கும் பகுதி வீங்கிப் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் வெட்டி எடுத்த மடல் அதே வடிவத்தில் திரும்ப வராது. அளவும் வேலையும் திரும்பும், உருவம் திரும்பாது. கொடுத்தவருக்கும் பெரிய ஆபரேஷன்தான், "அதான் வளர்ந்திடுமே" என்று லேசாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

எதிர்க்கேள்வி:

அப்படியானால் நேரடிக் கேள்வி. பல்லியைவிட, ஆக்ஸலாட்டிலைவிட நாம் மேலான பிறவி என்கிறோம். நமக்கு ஏன் கை முளைக்காது?

பழைய விலங்கியல்:

மேல், கீழ் என்று பேச ஆரம்பித்தால் விடை கிடைக்காது. மானைப் பாருங்கள். நம்மைப் போல வெப்ப ரத்தம், பாலூட்டி. கிண்டியில் புள்ளிமான் ஆண் கொம்பை உதிர்த்துவிட்டு மறுபடி வளர்ப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எலும்பு, ரத்தக்குழாய், நரம்பு, மேலே வெல்வெட் மாதிரித் தோல் என்று சில மாதத்தில் ஓர் உறுப்பே கட்டப்படுகிறது. பெரிய மான் வகைகளில் ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். அதே மானுக்குக் கால் போனால் போனதுதான். பக்கத்திலேயே மேய்கிற வெளிமானுக்கு இருப்பது உதிராத கொம்பு, உடைந்தால் திரும்ப வராது.

வயதும் பார்க்க வேண்டும். தலைப்பிரட்டைக்கு வால் வரும், தவளையானால் கால் வராது. பிறந்து ஒரு நாளான எலிக்குஞ்சின் இதயத்தை வெட்டினால் சரியாகிவிடும் என்று 2011இல் காட்டினார்கள், ஏழாம் நாளில் வெட்டினால் தழும்புதான். நம் கங்கைப் பக்கத்து வாய்க்கால் மீனான வரிக்குதிரை மீனுக்கு வளர்ந்த பிறகும் இதயத்தின் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கு போனால் இரண்டு மாதத்தில் வந்துவிடும்.

காரணம் என்று பலர் சொல்வது, நம் உடம்பு காயத்தை அவசரமாக அடைக்கிறது. ரத்தம் கசிந்தாலோ கிருமி புகுந்தாலோ உயிர் போய்விடும், எனவே முதலில் தழும்பு. இன்னொரு யூகம், செல்கள் தாராளமாகப் பெருக விட்டால் புற்றுநோய் பயம். இரண்டாவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, ஆக்ஸலாட்டிலுக்குப் புற்றுநோய் அப்படி ஒன்றும் அடிக்கடி வருவதில்லை. முதலாவதற்குச் சான்று உண்டு. 2013இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஆக்ஸலாட்டிலின் மேக்ரோபேஜ் செல்களை, அதாவது காயத்தில் குப்பை அள்ளும் வெள்ளணுக்களை, நீக்கிவிட்டுக் காலை வெட்டினார்கள். கால் வரவில்லை, தழும்பு விழுந்தது, நம்மைப் போலவே.

சரி, கடன் வைத்த கதை. புவனேசுவரத்தில் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்வதா மொஹந்தி ஹெஜ்மாடி என்ற விலங்கியல் பேராசிரியை. மழைக்காலத்தில் மட்டும் மண்ணுக்குள்ளிருந்து வெளிவரும் பலூன் தவளை ஒன்றின் தலைப்பிரட்டைகளுக்கு வாலை வெட்டிவிட்டு வைட்டமின் ஏ கரைத்த தண்ணீரில் விட்டார்கள். வால் போன இடத்தில் வால் வரவில்லை. கால்கள் முளைத்தன! இடுப்போடு, ஜோடி ஜோடியாக. 1992இல் நேச்சர் இதழில் வந்தது. ஓர் உறுப்பு போன இடத்தில் சுத்தமாக வேறு உறுப்பை முளைக்கவைக்க முடியும் என்று முதுகெலும்பிகளில் காட்டிய வேலை அது. அந்த அம்மா ஒடிசி நடனக் கலைஞரும்கூட. 1954இல் டெல்லியில் மாணவியாக அவர் ஆடியதைப் பார்த்துத்தான் வெளியூர் விமரிசகர்கள் ஒடிசியைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் நடனத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

2022இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த தவளையின் வெட்டிய காலில் ஐந்து மருந்து வைத்த மூடியை 24 மணி நேரம் மாட்டிவிட்டு எடுத்துவிட்டார்கள். அடுத்த 18 மாதம் கால் தன் பாட்டுக்கு வளர்ந்தது. விரல் நுனிகள் சரியாக வரவில்லை, ஆனால் நீந்த உதவியது.

கீழவாசல் ராஜி:

எல்லாருக்கும் நன்றி, அத்தனையையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். குடலைத் துப்புகிற அட்டைக்குத்தான் அதிக கைதட்டல். கழுகுக் கதையை அவளுடைய அப்பாவும் நம்பிக்கொண்டிருந்தார் என்பது இன்று தெரிந்தது.

சார், மேடையில் ரத்தம் ஒரு சொட்டுதான் இருந்தது, சரியாகச் சொன்னீர்கள். வாலை நான் பேப்பரில் எடுத்து வெளியே போட்டுவிட்டேன். பல்லி டியூப்லைட்டுக்குப் பின்னால் திரும்பி வந்துவிட்டது. வால் இருந்த இடத்தில் உளுந்து அளவுக்குக் கறுப்பாக ஒரு முனை தெரிகிறது. மகள் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, பல்லி அந்தக் கோட்டுக்கு நேராக வந்து நிற்கும்வரை ஸ்கேலோடு காத்திருக்கிறாள். அது வந்து நிற்பதாக இல்லை.

இப்போது புதுக் கேள்வி. "வால் பாதி ஒடிஞ்சு தொங்கினா?"

பழைய விலங்கியல்:

ஒடிந்த இடத்தில் இன்னொன்று முளைத்து இரட்டை வால் பல்லி ஆவதும் உண்டு. நான் ஒன்றை ஃபார்மலின் பாட்டிலில் வைத்திருந்தேன், கல்லூரி மியூசியத்தில் இன்னும் இருக்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து ரொம்ப தூரம் இல்லை, கூட்டிவாருங்கள்.